வழக்கறிஞர் கண்ட அன்பு நெறி

கொங்கு நாடு ஈன்ற சைவச் சான்றோருள் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் தலைசிறந்தவர். 1878ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தோன்றினார். தந்தையார் கந்தசாமி முதலியார் வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயின்று அத்தொழிலையே மேற்கொண்டார். வ. உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் வாடிய நாளில் அவருக்குத் துணைநின்ற அன்பர்களுள் இவரும் ஒருவர்.

பகற்பொழுது நீதிமன்றத்திற்கு உரியதாயினும், அவர் உள்ளம் சேக்கிழார் பெருமானுக்கே உரியதாயிருந்தது. சோழப் பேரரசின் அமைச்சராய்ப் பணியாற்றியவர் பாடிய திருத்தொண்டர் புராணம், வழக்குரைத்து வாழ்ந்த ஒருவருக்கு வாழ்நாள் இன்பமாய் வாய்த்தது பொருத்தமே. அந்நூலின் தொடக்கமே ஒரு வழக்கன்றோ! மணக்கோலத்தில் நின்ற நம்பியாரூரரை, வழிவழி அடிமையென்று ஓலை காட்டி வந்து தடுக்கிறார் ஒரு முதியவர். படியோலை கிழிபடுகிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. தீர்ப்பு ஆரூரருக்கு எதிராகிறது. எனினும் தோற்றவர் வாயிலிருந்து பிறந்தது முறையீடன்று, தேவாரம். ஓலையால் அடிமையானவர் பின்னர் அன்பால் அடிமையானார். ஆண்டவனோ அவருக்குத் தோழனானான்.

சட்டத்திற்குப் பணிதல் ஒன்று. அன்பினால் பணிதல் வேறொன்று. இவ்வேறுபாட்டைத் திருநீலகண்டக் குயவனார் வரலாறு நன்கு புலப்படுத்தும். கணவர் பரத்தையிடம் சென்றமையால் ஊடிய மனைவியார், தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணையில் தம்மைப் பன்மையாற் குறித்தார். தண்டனைக்கு அஞ்சுபவன் சொல்லின் எல்லையைச் சுருக்கித் தப்பும் வழி தேடுவான். குயவனாரோ அப்பன்மையை விரித்துப் பொருள்கொண்டு, மாதர் எவரையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என நோன்பு பூண்டார். அயலார் அறியாமல் இருவரும் ஒரே இல்லத்தில் முதுமை எய்தும்வரை அதனைக் காத்தனர். ஆணையிட்டவர் மனைவியார், ஆயினும் அதில் ஒலித்தது தாம் நேசித்த பெருமானின் திருப்பெயர். அப்பெயர்மீது வைத்த காதலே அவரைக் கட்டியது.

இவ்வாறு ஒரு விகுதிக்கும் உயிர்கொடுக்கும் நூலுக்கு உரை காண்பதும் ஒருவகைப் பணிதலே. முதலியார் அவர்கள் பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் நின்று உரைத்தார். சொல்வைப்பின் காரணம், சைவ சித்தாந்த நுட்பம், தலங்களின் செய்தி ஆகிய யாவும் அவருரையில் இடம்பெற்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு எழுந்த அவ்வுரை, 1930களில் வெளிவரத் தொடங்கி, 1950களில் ஏழு பகுதிகளாய் நிறைவுற்றது. கோவைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது.  ஊதியம் கருதிய உழைப்பன்று அது. ஆயினும் ஒரு பாட்டையும் எளிதென்று விட்டுச் செல்ல அவர் மனம் இசையவில்லை.

முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் மீட்ட அவிநாசியும், வேடர் அவர் பொருளைக் கவர்ந்த திருமுருகன்பூண்டியும், அவர் வணங்கிய பேரூரும் நம் கொங்கு மண்ணிலேயே உள்ளன. புராணம் கூறும் ஊர்கள் அவருக்கு ஏட்டில் மட்டும் கண்ட ஊர்கள் அல்ல.

தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது அவர் தம்மைப் பித்தன் என்றே குறித்துக்கொண்டார். மணப்பந்தலில் ஆரூரர் இறைவனை வைத ஏச்சே பின்னர் பாட்டின் முதற்சொல் ஆயிற்று என்பதை அறிந்தோர்க்கு, அப்பெயரின் இனிமை விளங்கும். 1961ஆம் ஆண்டு அவர் இறைவன் திருவடி நிழல் எய்தினார்.

கவிஞர் பெருமக்களுக்கு அவர் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. யாப்பும் ஓர் ஆணையே. அதற்கு அஞ்சி எழுதுவோர் தளையை எண்ணிக்கொண்டிருப்பர். அதனைக் காதலிப்போர் அதற்குள் நின்றே பாடுவர். சொல்லுக்கு அன்பால் பணிந்தவரே அச்சொல்லின் இன்பத்தை முழுதும் துய்க்கின்றனர். அதற்குக் கொங்கு நாட்டில் நாம் காட்டத்தக்க நற்சான்று சிவக்கவிமணியின் வாழ்வு.