தோற்றதும் பேச்சை மாற்றிக்கொண்ட அரசியல்வாதி: யார் இந்த ஜார்ஜ் வாலஸ்?

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே வெள்ளைத் தொழிலாளர்களின் வாக்கு யாருக்கு, கறுப்பினத்தவரின் வாக்கு யாருக்கு என்ற அலசலைச் செய்திகளில் பார்த்திருப்பீங்க.

சம்பளம், வேலை, வரி பற்றிய கோபம் எப்படி இனத்தைப் பற்றிய கோபமாக மாறுகிறது? அதைப் புரிந்துகொள்ள ஜார்ஜ் வாலஸின் கதை உதவும். நான்கு முறை அதிபராக முயன்றவர். ஒரு முறைகூட வெல்லவில்லை.

எங்கிருந்து வந்தார்?

1919இல் அலபாமா மாநிலத்தின் கிளையோ எனும் சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இளவயதில் குத்துச்சண்டை வீரர். சட்டம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பி-29 குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றினார். 1953இல் நீதிபதியானார்.

அந்தக் காலத்தில் தென் மாநில நீதிமன்றங்களில் கறுப்பின வழக்கறிஞர்களுக்கு மரியாதை கிடைப்பது அரிது. வாலஸ் அவர்களை மரியாதையோடு அழைத்தார். அதற்காக அவர் இனப் பிரிவினையை எதிர்த்தார்னு நினைச்சிடாதீங்க. அப்படி இல்லை. ஆனால் அன்றைய அலபாமாவில் அவர் மிதவாதி.

1958இல் என்ன நடந்தது?

மாநில ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். எதிர்த்து நின்றவருக்கு வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆதரவு. வாலஸுக்கோ கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய அமைப்பின் ஆதரவு.

வாலஸ் தோற்றார். சாலை, பள்ளிக்கூடம் என்று பேசினால் கூட்டம் சும்மா கேட்கிறது, இனத்தைப் பற்றிப் பேசினால் கைதட்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. அன்றைய அலபாமாவில் கறுப்பினத்தவர் பெரும்பாலோரால் வாக்களிக்கவே முடியாது. வாக்களிக்க வரி கட்ட வேண்டும், எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டும், மிரட்டலையும் தாண்ட வேண்டும். ஆக, அவர்களுக்கு எதிராகப் பேசினால் அரசியல்வாதிக்கு நஷ்டம் கிட்டத்தட்ட எதுவுமில்லை. லாபம் மட்டும்தான்.

அதன் விலை என்ன?

1962இல் அவர் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1963 ஜனவரியில் பதவியேற்றபோது, இனப் பிரிவினை என்றென்றும் தொடரும் என்று முழங்கினார். ஜூன் மாதம் அலபாமா பல்கலைக்கழக வாசலில் நின்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற இரு கறுப்பின மாணவர்களை மறித்தார். அதிபர் கென்னடி தேசியக் காவற்படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்த பிறகே அவர் விலகினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹம் தேவாலயத்தில் இனவெறியர்கள் வைத்த குண்டு 4 சிறுமிகளைக் கொன்றது. 1965 மார்ச்சில் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை அவருடைய மாநிலக் காவலர்கள் அடித்து நொறுக்கினார்கள்.

வடக்கிலும் எப்படி வாக்கு கிடைத்தது?

1964இல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கினார். ஆலைத் தொழிலாளர்களிடம் அவர் பேச்சு எடுபட்டது. இனவாதம் தெற்கோடு நின்றுவிடவில்லை.

1968இல் தனிக்கட்சி சார்பில் போட்டியிட்டபோது சொற்களை மாற்றினார். இனப் பெயரைச் சொல்வது குறைந்தது. சட்டம் ஒழுங்கு, மாநில உரிமை, வாஷிங்டன் அதிகாரிகள், படித்த மேட்டுக்குடியினர் என்று பேசினார். கேட்பவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது.

தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. அலபாமா தொழிலாளர்களின் குறைந்த ஊதியத்தைச் சுட்டிக்காட்டிப் பிரசாரம் செய்தன. தொழிலாளர் நண்பன் என்பவரின் சொந்த மாநிலத்தைப் பாருங்க என்பதே அவர்களின் வாதம். பலரைத் தடுத்தார்கள், எல்லாரையும் அல்ல.

கிடைத்தது 13.5 விழுக்காடு வாக்கு. கிட்டத்தட்ட 10 மில்லியன் பேர். 5 மாநிலங்களையும் கைப்பற்றினார். வென்றவர் ரிச்சர்ட் நிக்சன். ஆனால் வாலஸின் வாக்காளர்களை எப்படி ஈர்ப்பது என்பது அதற்குப் பிறகு நிக்சனின் குடியரசுக் கட்சிக்கு முக்கியக் கணக்கானது.

பிறகு?

1972 மே 15. மேரிலந்தில் பிரசாரம் செய்தபோது சுடப்பட்டார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியிலேயே மீதி வாழ்க்கை.

மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்களில் ஒருவர் ஷெர்லி சிசம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண். அதே தேர்தலில் அவருக்குப் போட்டியாளர். ஆதரவாளர்கள் கோபித்துக்கொண்டும் அவர் போனார்.

1970களின் இறுதியில் வாலஸ் கறுப்பினத்தவரின் தேவாலயத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார். 1982இல் கறுப்பின வாக்காளர் பலரின் ஆதரவோடு மீண்டும் ஆளுநரானார். அரசாங்கப் பதவிகளில் கறுப்பினத்தவர் பலரை நியமித்தார்.

மனம் மாறினாரா, கணக்கு மாறியதா?

1965இல் வந்த வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு அலபாமாவில் கறுப்பினத்தவர் பெரும் எண்ணிக்கையில் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். 1982இல் அவர்களைப் புறக்கணித்து வெல்வது கடினம்.

வலியும் முதுமையும் அவரை உண்மையிலேயே மாற்றியிருக்கலாம். சிலர் மன்னித்தார்கள், சிலர் மன்னிக்கவில்லை. அவர் மனசுக்குள்ளே என்ன இருந்ததுன்னு நம்மால் சொல்ல முடியாது. வாக்காளர் பட்டியல் மாறியதும் அவர் பேச்சு மாறியது என்பது மட்டும் உறுதி.

வாலஸ் வாசலில் மறித்த விவியன் மலோன் 1965இல் அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1996இல் வாலஸ் குடும்ப அறக்கட்டளை அவருடைய துணிச்சலுக்கு விருது வழங்கியது. வாலஸ் 1998 செப்டம்பரில் காலமானார்.

அடுத்த முறை ஓர் அரசியல்வாதி உங்கள் கோபத்தைப் பற்றிப் பேசினால், ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. அந்தக் கோபத்தை யார் பக்கம் திருப்புகிறார்? அவர்களிடம் வாக்கு இருக்கிறதா?