ஆலன் புளூம்லைன்

ஆலன் டவர் புளூம்லைன் (ஜூன் 29, 1903 – ஜூன் 7, 1942) இங்கிலாந்தைச் சேர்ந்த மின்னணுவியல் பொறியாளர், கண்டுபிடிப்பாளர் ஆவார். ஸ்டீரியோ ஒலிப்பதிவு முறையைக் கண்டுபிடித்தவராக இவர் பெரிதும் அறியப்படுகிறார். தொலைபேசி, தொலைக்காட்சி, ராடார் ஆகிய துறைகளிலும் இவரது பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. 18 ஆண்டுப் பணிக்காலத்தில் தனியாகவும் பிறருடன் இணைந்தும் 128 காப்புரிமைகளைப் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் சோதனைக்காகப் பறந்த ஆலிஃபாக்சு வகைக் கனரகக் குண்டுவீச்சு வானூர்தி நொறுங்கியதில், அதில் இருந்த மற்ற பத்துப் பேருடன் இவரும் உயிரிழந்தார்.

இளமை

புளூம்லைன் லண்டனின் ஆம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செம்மி புளூம்லைன் செருமனியில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். தாய் செசி டவர், தென்னாப்பிரிக்காவில் சமயப்பணி ஆற்றிய ஸ்காட்லாந்துக்காரரின் மகள். ஏழு வயதில் வீட்டு அழைப்புமணியைப் பழுதுபார்த்துவிட்டு, தன்னை மின்பொறியாளர் என்று குறிப்பிட்டு, தந்தையிடம் அதற்கான கட்டணச்சீட்டை நீட்டியதாகக் குடும்பத்தில் ஒரு செய்தி உண்டு. ஐகேட் பள்ளியிலும், பின்னர் உதவித்தொகை பெற்று சிட்டி அண்டு கில்ட்சு கல்லூரியிலும் பயின்று, முதல் வகுப்பில் பட்டம் பெற்றார்.

1924 இல் இன்டர்நேசனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். ஒரு தொலைபேசி இணைப்பில் நடக்கும் பேச்சு அடுத்த இணைப்பில் கேட்பது அக்காலத் தொலைதூரக் கம்பிவடங்களின் பெருங்குறையாக இருந்தது. அதனைக் குறைக்கும் வழிகளை இவர் உருவாக்கினார். 1929 இல் கொலம்பியா கிராமபோன் நிறுவனத்துக்கு மாறி, ஐசக் சோன்பர்கின் கீழ் பணியாற்றினார். இசைத்தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டும் கருவிக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வகக் காப்புரிமைகள் தடையாக இருந்தன. அவற்றைச் சாராத புதிய வெட்டுக் கருவியை வடிவமைத்தது இங்கு இவர் செய்த முதற் பெரும்பணி. 1931 இல் இந்நிறுவனம் கிராமபோன் நிறுவனத்துடன் இணைந்து இஎம்ஐ ஆனது.

ஸ்டீரியோ ஒலி

அக்காலத் திரையரங்குகளில் நடிகர் திரையின் எந்தப் பக்கம் நின்றாலும் குரல் ஒரே ஒலிபெருக்கியிலிருந்தே வந்தது. இது புளூம்லைனை உறுத்தியது. திசை உணர்வுடன் ஒலியைப் பதிவு செய்து திரும்பக் கேட்கச் செய்யும் முறைக்கு டிசம்பர் 14, 1931 அன்று காப்புரிமை விண்ணப்பம் அளித்தார். 1933 இல் வழங்கப்பட்ட 394325 எண்ணுள்ள இக்காப்புரிமையில் 70 உரிமைக்கோரல்கள் உள்ளன. ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், ஏறத்தாழ ஒரே இடத்தில் அமைந்த இரண்டு ஒலிவாங்கிகளைக் கொண்டு பதிவு செய்யும் முறை இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. ஒரே பள்ளத்தின் இரு சரிவுகளிலும் இரண்டு ஒலித்தடங்களைப் பதியும் வழியும் இதிலேயே விளக்கப்பட்டிருந்தது.

1934 இல் லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் ஜுப்பிட்டர் சிம்பொனி இம்முறையில் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு ஏய்ஸ் இரயில் நிலையத்தில் தொடர்வண்டிகள் கடந்து செல்வதை ஸ்டீரியோ ஒலியுடன் படமாக்கினர். எனினும் நிறுவனம் இதனை வணிக அளவில் கொண்டுசெல்லவில்லை. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958 இல்தான்.

தொலைக்காட்சியும் மின்சுற்றுகளும்

பிபிசி 1936 நவம்பரில் தொடங்கிய தொலைக்காட்சி ஒளிபரப்பில் பேர்டின் முறையும், மார்க்கோனி-இஎம்ஐ நிறுவனத்தின் 405 வரி முறையும் மாறி மாறிப் பயன்பட்டன. சில மாதங்களிலேயே பேர்டின் முறை கைவிடப்பட்டது. வென்ற முறையை உருவாக்கிய குழுவில் புளூம்லைன் முக்கியமானவர். பிரித்தானியாவில் 405 வரி ஒளிபரப்பு 1985 வரை நீடித்தது. 1936 இல் இவர் காப்புரிமை கோரிய இணை வால்வு மின்சுற்று, இன்றைய செயற்பாட்டு மிகைப்பிகளின் உள்ளீட்டுப் பகுதியில் திரான்சிஸ்டர் வடிவில் தொடர்கிறது. மின்னணுவியல் பயிலும் மாணவர் பலர் அவர் பெயர் அறியாமலேயே இதனைப் படிக்கின்றனர்.

ராடார் ஆய்வும் வானூர்தி விபத்தும்

இரவிலும் மேகமூட்டத்திலும் குண்டுவீச்சு வானூர்திகளுக்குக் கீழேயுள்ள நிலப்பரப்பைக் காட்டும் எச்2எஸ் என்ற ராடார் 1942 இல் உருவாக்கப்பட்டு வந்தது. பெர்னார்டு லோவல் தலைமையிலான அரசு ஆய்வாளர்களும் இஎம்ஐ பொறியாளர்களும் இதில் இணைந்து பணியாற்றினர். அதன் இதயமான மாக்னெட்ரான் மிகுந்த இரகசியமாகக் காக்கப்பட்டது.

ஜூன் 7, 1942 அன்று பிற்பகல், இக்கருவி பொருத்தப்பட்ட வி9977 எண்ணுள்ள ஆலிஃபாக்சு டெஃபோர்டு தளத்திலிருந்து புறப்பட்டது. புளூம்லைன், அவருடன் இஎம்ஐயில் பணியாற்றிய சி. ஓ. பிரவுன், பிராங்க் பிளைத்தன், அரசு ஆய்வாளர் என்சுபி ஆகியோருடன் வான்படையினர் எழுவர் அதில் இருந்தனர். வலப்புற வெளி எஞ்சினில் தீப்பற்றியது. தரையிறங்க இடம் தேடித் தாழப் பறந்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய 350 அடி உயரத்தில் தீயால் வலுவிழந்த வலப்புற இறக்கையின் வெளிப்பகுதி முறிந்தது. வானூர்தி தலைகீழாகப் புரண்டு, வை ஆற்றை ஒட்டிய வெல்சு பிக்னர் என்ற ஊரருகே வீழ்ந்தது. பதினொருவரில் ஒருவரும் பிழைக்கவில்லை. புளூம்லைனுக்கு 39 வயது நிறைய மூன்று வாரங்களே இருந்தன. மனைவி டோரீனும் இரு மகன்களும் அவருக்கு இருந்தனர். அன்றிரவே லோவல் அங்கு சென்று, சிதைவுகளிடையே மாக்னெட்ரானைத் தேடி மீட்க வேண்டியிருந்தது.

விபத்துக்கான காரணம் மிகச் சிறியது. முன்னர் நடந்த பராமரிப்பின்போது, எஞ்சினின் உள்ளிழு வால்வு ஒன்றின் இடைவெளியைச் சரிசெய்யும் நட்டு சரியாக முறுக்கப்படவில்லை. பறக்கையில் அது தளர, இடைவெளி கூடி, வால்வின் தண்டு முறிந்தது. எரியும் எரிபொருள் கலவை எஞ்சினுக்கு வெளியே பரவியது. இம்முடிவுகள் இரகசியமாக வைக்கப்பட்டன. இறந்தவர்களின் உறவினருக்கும் தெரிவிக்கப்படவில்லை. அதனால் செருமானியரின் சதி என்ற வதந்தி நெடுங்காலம் உலவியது. அதற்குச் சான்று எதுவும் இல்லை.

பின்விளைவுகள்

குழுவின் திறமையாளர்களை ஒரே நாளில் இழந்தும் பணி நிற்கவில்லை. ஜூலை 3 அன்று கூடிய கூட்டத்தில், இரண்டு படைப்பிரிவுகளுக்கு அக்டோபருக்குள் கருவி வேண்டும் எனப் பிரதமர் சர்ச்சில் வலியுறுத்தினார். அக்கெடு தவறியது. 1943 சனவரி இறுதியில் ஆம்பர்கு மீதான தாக்குதலில் எச்2எஸ் முதன்முறையாகப் பயன்பட்டது. சில நாட்களிலேயே ராட்டர்டாம் அருகே வீழ்த்தப்பட்ட இசுட்டெர்லிங் வானூர்தியிலிருந்து, அவ்வளவு காத்த மாக்னெட்ரான் செருமானியர் கைக்குச் சென்றது.

போர்க்கால இரகசியத்தால் புளூம்லைனின் பெயர் பொதுமக்களிடம் பரவவில்லை. 1977 இல் அவர் வாழ்ந்த ஈலிங் வீட்டில் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. விபத்தில் இறந்தோர் நினைவாக, அருகிலுள்ள குட்ரிச் கோட்டைச் சிற்றாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று 1992 இல் அமைக்கப்பட்டது. முழுமையான வாழ்க்கை வரலாற்று நூல்கள் 1999 ஆம் ஆண்டுக்குப் பிறகே வெளிவந்தன. 2017 இல் அவருக்குத் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.