அலெக்சி மில்லார்டே

பியேர் மரீ அலெக்சி மில்லார்டே (டிசம்பர் 13, 1838 - டிசம்பர் 15, 1902) ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஆவார். போர்டோக் கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியை உருவாக்கியவர் என அறியப்படுகிறார். மருந்து தெளித்த கொடியின் திராட்சை மதுவில் அம்மருந்து எஞ்சுகிறதா என்பதை ஆராய்ந்தவர்களுள் இவர் முன்னோடியாவார்.

வாழ்க்கை

பிரான்சின் சூரா பகுதியிலுள்ள மோன்மிரே-லா-வில் என்னும் ஊரில் பிறந்தார். செருமனியின் ஐடல்பெர்க், பிரைபுர்க் பல்கலைக்கழகங்களில் பயின்றார். இசுட்ராசுபூர்க், நான்சி நகரங்களில் கற்பித்தபின் 1876 இல் போர்டோவில் தாவரவியல் பேராசிரியரானார். அப்போது பைலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழித்து வந்தது. அதைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடிகளின் மீது உள்நாட்டுக் கொடிகளை ஒட்டுக்கட்டும் முறையை மில்லார்டே ஆராய்ந்தார்.

போர்டோக் கலவை

அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கேடு அடிச்சாம்பல் நோய் ஆகும். இது பிரான்சில் 1878 இல் கண்டறியப்பட்டது. 1882 அக்டோபரில் மெடோக் பகுதியின் செயிண்ட் ஜூலியன் ஊரில், சாலையோரக் கொடிகள் மட்டும் இலையுதிராமல் இருப்பதை மில்லார்டே கண்டார். வழிப்போக்கர்கள் பழங்களைத் திருடாதிருக்க, அக்கொடிகள் மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீர் தெளிக்கப்பட்டிருந்தது. தோட்ட மேலாளர் எர்னெஸ்ட் டேவிட்டின் துணையுடன் டோசாக் தோட்டத்தில் சோதனைகள் நடத்தி, 1885 இல் முடிவுகளை வெளியிட்டார். 100 லிட்டர் நீரில் 8 கிலோகிராம் மயில்துத்தமும், 30 லிட்டர் நீரில் 15 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பும் தனித்தனியே கரைத்துக் கலப்பது அவர் தந்த முதல் அளவாகும்.

மதுவில் செம்புச் சோதனை

செம்பின் உப்புகள் மிகுந்த அளவில் நச்சுத்தன்மை கொண்டவை. மருந்து கொடியைக் காத்தாலும், மது நஞ்சானால் பயனில்லை. எனவே லூயி பாசுச்சரின் மாணவரும் வேதியியலாளருமான யுலிஸ் கயோனுடன் இணைந்து, இலை, பழச்சாறு, வண்டல், மது ஆகிய ஒவ்வொன்றிலும் உள்ள செம்பை மில்லார்டே தனித்தனியே ஆராய்ந்தார். இலைகளில் செம்பு மிகுந்திருந்தது; சாற்றில் குறைந்திருந்தது; தெளிந்த மதுவிலோ மிக நுண்ணிய அளவே எஞ்சியது.

நொதித்தலின்போது ஈஸ்ட் செம்பின் ஒரு பகுதியைத் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. மற்றொரு பகுதி கந்தகத்துடன் சேர்ந்து, கரையாத செம்பு சல்பைடாக மாறி வண்டலில் படிகிறது. வண்டலை நீக்கும்போது செம்பும் நீங்குகிறது. இம்முடிவுகள் கலவை மீதான ஐயத்தைக் குறைத்தன.

பிற்காலத் தாக்கம்

இன்று மதுவிலுள்ள செம்பு அணு உட்கவர் நிறமாலையியல் போன்ற முறைகளால் அளக்கப்படுகிறது. பன்னாட்டுத் திராட்சை மற்றும் மது அமைப்பு, பொதுவாக ஒரு லிட்டர் மதுவில் 1 மில்லிகிராம் செம்பை மேல்வரம்பாகக் கொண்டுள்ளது. மதுவிலிருந்து செம்பு நீங்கினாலும், தோட்ட மண்ணில் அது சிதையாமல் சேர்ந்து மண்புழு முதலியவற்றைப் பாதிக்கிறது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல், ஏழு ஆண்டுகளில் எக்டேருக்கு மொத்தம் 28 கிலோகிராம் செம்பு என்ற வரம்பை நடைமுறைப்படுத்தியது.