தட்டெழுத்துப் பொறி விற்ற இசைவாணர்

என் இளமைப் பருவத்தில், பள்ளி விடுமுறைக் காலைகளில், வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியருகே வாப்பா அமர்ந்திருப்பார். இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் பழைய திரைப்பாடல் நிகழ்ச்சி எட்டு மணியை நெருங்குகையில் ஒரே குரலுடன் நிறைவுறுவது வழக்கம். அக்குரலின் மொழி எங்களுள் எவருக்கும் விளங்காது. எனினும் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போவதையும் மறந்து வாப்பா அதனைச் செவிமடுப்பார். அக்குரலுக்கு உரியவர் குந்தன்லால் ஸைகல் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஸைகல் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜம்மு நகரிற் பிறந்தார். முறையான இசைப் பயிற்சி பெற்றவரல்லர். அன்னை பாடிய பக்திப் பாடல்களே அவர்தம் முதற் பள்ளி. இளமையில் புகைவண்டி நிலையத்தில் நேரக் கணக்கராகவும், பின்னர் ரெமிங்டன் தட்டெழுத்துப் பொறிகளை ஊரூராகச் சென்று விற்பவராகவும் பிழைத்தார். கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தாரின் ஆதரவும், இசையமைப்பாளர் ஆர். சி. போராலின் வழிகாட்டலும் அவருக்குக் கிட்டின.

1935இல் வெளிவந்த ‘தேவதாஸ்’ அவரை நாடறியச் செய்தது. அக்கதையைத் தமிழில் எடுத்தபோது, பஞ்சாபியரான அவர் இரண்டு தமிழ்ப் பாடல்களைப் பாடினார் என்பது தமிழன்பர் நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

பின்னணி பாடும் முறை வந்துவிட்ட பின்னரும், 1938இல் ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தில், தெருவில் நடந்து நடித்தபடியே பாட முற்பட்டார். ஒலிவாங்கியும் வாத்தியக்காரரும் படக்கருவியின் கண்ணிற் படாது பின்தொடர்ந்தனர். அவர் பாடிய ‘பாபுல் மோரா’, நாடிழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா இயற்றியது. பிறந்த வீடு பிரியும் மணமகளின் துயராக, மண்ணைப் பிரிந்த மன்னனின் துயர் அதில் ஒலிக்கிறது. பின்னர் பம்பாய் சென்று, 1943இல் ‘தான்சேன்’ படத்தில் நடித்துப் பெரும்புகழ் எய்தினார்.

ஆனால் மதுப்பழக்கம் அவரை விழுங்கிற்று. குடியாமற் பாடவியலாது என்றே அவர் நம்பியிருந்தார். 1946இல் ‘ஷாஜஹான்’ படத்துக்கு இசையமைத்த நௌஷாத் பின்னாளில் ஒரு செய்தி கூறியுள்ளார். ஒரே பாடலை மதுவருந்தியும் அருந்தாமலும் பாடச்செய்து இரண்டையும் கேட்பித்தாராம். மதுவின்றிப் பாடியதே சிறந்ததெனக் கண்ட ஸைகல், இதனை முன்னரே ஒருவர் உணர்த்தியிருக்கலாகாதா என மனம் நொந்தாராம். காலம் கடந்துவிட்டது. 1947ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஜலந்தரில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இச்செய்தியே அவர் பாட்டினும் மிகுதியாக நெஞ்சை வருத்துவது. தன் ஆற்றல் தன்னிடத்தேயன்றிப் பிறிதொன்றிடத்து இருப்பதாக மயங்கும் மாணவர் எத்தனை பேர்! அவர்க்கு அதனை உரிய காலத்தில் எடுத்துரைப்பதன்றோ ஆசிரியர் கடன்? அக்கடனில் நானும் சில வேளை தவறியவனே. ஸைகலின் குரல் கேட்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.