விவரணப்பட முன்னோடி றொபேட் பிளாகேட்டி

தேடிச் சென்ற பொருளினும் பெரியதொரு பொருளை இடைவழியிற் கண்டு புகழெய்தினோர் உலகிற் சிலர் உளர். இரும்புக் கனியத்தை நாடி வடதிசைப் பனிநிலஞ் சென்று, ஆங்கே மனித வாழ்வைக் கண்டு, அதனைத் திரையிலே உலகுக்குக் காட்டிய றொபேட் பிளாகேட்டி அத்தகையோருள் ஒருவராவார். விவரணப்படக் கலையின் தந்தையென அறிஞர் அவரைப் போற்றுவர்.

இவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அயன் மவுண்டன் என்னும் ஊரில் 1884 ஆம் ஆண்டு பிறந்தார். சுரங்கத் தொழிலரான தந்தையாருடன் கனடாவின் காடுகளிலே திரிந்து வளர்ந்தமையால், ஏட்டுக் கல்வியினும் காட்டுக் கல்வியே அவருக்கு மிகுதியாக வாய்த்தது. 1910 இல், புகையிரதப் பாதை அமைக்கும் செல்வரான சேர் வில்லியம் மக்கன்சி, ஹட்சன் விரிகுடாப் பகுதியிலே கனியந் தேடும் பொருட்டு இவரை அனுப்பினார். 1913 இல் மீண்டும் சென்றபொழுது, படப்பிடிப்பில் சில வாரப் பயிற்சி பெற்று, ஒரு படக்கருவியையும் உடன் கொண்டு சென்றார்.

ஆண்டுகள் சில முயன்றெடுத்த படச்சுருள் ஏறத்தாழ 30,000 அடி. 1916 இல் ரொறன்ரோ நகரில் அவர் கைதவறி விழுந்த சிகரெட்டுத் தீயினால் அத்தனையும் வெந்தழிந்தன. அவர் கைகளும் சுட்டன. பிறராயின் அத்துடன் அத்துறையைக் கைவிட்டிருப்பர். பிளாகேட்டியோ எஞ்சிய பிரதியைப் பார்த்து, அது தொடர்பற்ற காட்சிகளின் தொகுப்பே எனத் தம் குறையைத் தாமே உணர்ந்தார். ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் மட்டுமே பின்தொடர வேண்டுமெனத் துணிந்தார்.

உரோம வணிகக் கம்பனியொன்றின் பொருளுதவியுடன் 1920 இல் மீண்டும் வடக்கே சென்று, ஓராண்டு இனுயிற் மக்களிடையே தங்கினார். எடுத்த படத்தை அங்கேயே கழுவி, அம்மக்களுக்கே காட்டி, அவர்தம் ஆலோசனையையும் பெற்றார். 1922 இல் வெளிவந்த ‘நனூக் ஒவ் த நோர்த்’ உலகெங்கும் புகழ் பரப்பிற்று. பின்னர் சமோவாத் தீவில் அவர் எடுத்த ‘மோவானா’ 1926 இல் வெளிவந்தபொழுது, அதனை மதிப்பிட்ட ஜோன் கிறியேர்சன் என்பாரே விவரணம் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லைத் திரைப்படத்துக்கு முதன்முதல் வழங்கியவரெனக் கூறுவர். அக்கிறியேர்சனின் குழுவினரான பசில் றைற் 1934 இல் நம் நாட்டைப் பற்றி எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ இம்மரபில் முளைத்ததேயாம்.

ஆயின், இவர் காட்டியன யாவும் உள்ளவாறே உள்ளனவோ? அன்று. நனூக் எனத் திரையில் தோன்றியவரின் மெய்ப்பெயர் அல்லாகரியல்லாக். மனைவியாகத் தோன்றியவள் அவர் மனைவியல்லள். துப்பாக்கி கொண்டு வேட்டையாடியோரை, முன்னோர் முறைப்படி ஈட்டி ஏந்தச் செய்தார். ஒளி வேண்டிப் பனிவீட்டின் ஒரு பாதியைத் திறந்துவைத்தார். அயர்லாந்தின் அரன் தீவுகளில் எடுத்து 1934 இல் வெளியிட்ட படத்திலே, நெடுங்காலத்துக்கு முன் வழக்கொழிந்த சுறா வேட்டையைப் புதிதாகக் கற்பித்து நடிப்பித்தார். அப்படத்துக்காக மீனவரைக் கொந்தளிக்கும் கடலிற் செலுத்தியதை எண்ணிப் பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

பெரும் படநிறுவனங்களோடு அவர் மனம் பொருந்தவில்லை. 1928 இலும் 1931 இலும் வெளியான படங்களிலிருந்து இடையிலேயே விலகினார். மைசூரில் யானைப்பாகன் மகனான சாபுவைக் கொண்டு தொடங்கிய ‘எலிபன்ற் போய்’ (1937) படமும் இலண்டனில் வேறொருவர் கைபட்டே முடிந்தது. 1948 இல், எண்ணெய்க் கம்பனியின் பணத்திலே ‘லூசியானா ஸ்ரோறி’ எடுத்தபொழுதும், படத்தின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1951 யூலை 23 இல் இவ்வுலகை நீத்தார்.

மறையும் வாழ்வை மறையுமுன் காத்தார் என்பது அவர் பெருமை. இறந்த காலத்தை நிகழ்காலம்போற் காட்டினார் என்பது அவர் குறை. இரண்டையும் ஒருங்கே கூறுவதே நீதியாகும். அல்லாகரியல்லாக் படம் வெளிவந்து நெடுங்காலம் வாழ்ந்திலர். அவர் முகத்தை உலகம் அறிந்தது, பெயரை அறிந்திலது. பிறர் வாழ்வை எழுதவும் படமெடுக்கவும் புகும் நம் கல்லூரி இளைஞர், பிளாகேட்டியின் ஊக்கத்தைக் கைக்கொள்க. எழுதப்படுவோரின் பெயரையும் மறவாதிருக்க.