யோசனைக்குக் காசு கேட்ட ரெப்டன்

பூங்காவைச் சீரமைக்கும் பேச்சு வரும்போதெல்லாம் செடிக்கும் செம்மண்ணுக்கும் தாராளமாக ஒதுக்குகிறோம். வரைபடம் போட்டவர் பில் கொடுத்தால் மட்டும் பொதுக்குழுவில் முணுமுணுப்பு. இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு மனிதர் பிழைப்பு முழுக்க இதே முணுமுணுப்போடு மல்லுக்கட்டினார். பெயர் ஹம்ப்ரி ரெப்டன்.

1752-ல் பிறந்தவர். மகன் வியாபாரியாக வேண்டும் என்று, 12 வயதிலேயே டச்சு மொழி படிக்க ஹாலந்துக்கு அனுப்பினார் அப்பா. பிறகு நார்விச் நகரில் துணி வியாபாரம், ஓடவில்லை. தபால் கோச் வண்டித் திட்டத்தில் போட்ட பணமும் போனது. 36 வயது, மனைவி, பிள்ளைகள். மிச்சமிருந்தது படம் வரையும் கை ஒன்றுதான். 1788-ல் லேண்ட்ஸ்கேப் கார்டனர் என்று கார்டு அடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்.

அவருக்கு முந்தைய பெரிய கை, கேப்பபிலிட்டி பிரவுன். ஏரி வெட்டுவது, மண் கொட்டுவது, மரம் நடுவது எல்லாவற்றையும் கான்ட்ராக்ட் எடுத்துத் தன் ஆட்களை வைத்து முடித்துக் கொடுப்பார். நன்றாகச் சம்பாதித்தார். ரெப்டனோ யோசனை மட்டும்தான் விற்றார். இடத்தைப் பார்ப்பார், அளப்பார், சிவப்புத் தோல் அட்டை போட்ட புத்தகம் ஒன்று தயாரிப்பார். உள்ளே வாட்டர்கலர் படம். அதன்மேல் ஒரு மடிப்புத் தாள். மூடியிருந்தால் இன்றைய நிலம், தூக்கினால் நாளைய தோட்டம். வெளியூர் போனால் நாளுக்கு ஐந்து கினி, புத்தகத்துக்குத் தனி.

புத்தகம் அழகாக இருந்ததே வினையாயிற்று. வாங்கிய பிரபுக்களில் பலர் அதை வரவேற்பறை மேசையில் வைத்து விருந்தாளிக்குக் காட்டினார்கள். வேலையைச் சிலர் தங்கள் ஆட்களை வைத்தே அரையும் குறையுமாக முடித்தார்கள், சிலர் தொடவே இல்லை. மண்வேலையின் லாபம் எதுவும் ரெப்டன் கைக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், பிரவுன் மாதிரி கான்ட்ராக்டும் எடுத்திருக்க வேண்டும்.

கட்டடக் கலைஞர் ஜான் நாஷுடன் கூட்டுச் சேர்ந்தார். ரெப்டன் ஆள் பிடித்துத் தர வேண்டும், கட்டட வேலையில் நாஷ் பங்கு தர வேண்டும். பங்கு ஒழுங்காக வரவில்லை என்ற மனக்கசப்பில் 1800 வாக்கில் பிரிந்தார்கள். பிரைட்டன் மாளிகைக்கு இந்தியப் பாணியில் ரெப்டன் வரைந்த திட்டம் இளவரசருக்குப் பிடித்துப்போயிற்று, ஆனால் பணமில்லை. சில வருடம் கழித்து அந்த வேலை யாருக்குப் போனது தெரியுமா? அதே நாஷுக்கு.

1811-ல் மகள்களோடு விருந்திலிருந்து திரும்பும்போது கோச் வண்டி கவிழ்ந்தது. முதுகெலும்பில் அடி. அதன்பின் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். ஆனாலும் மறுவருடமே, தமக்கு மிகவும் பிடித்ததாகச் சொன்ன ஷெரிங்ஹாம் தோட்டத்தை வரைந்தார். 1818-ல் இறந்தார். அதுவரை ஏறத்தாழ 400 இடங்களுக்கு யோசனை சொல்லியிருந்தார்.

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் வளாகத்துப் பெரியவர்கள் ரஸ்ஸல் சதுக்கத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சுற்றிலும் வீடுகள், நடுவே குடியிருப்போருக்கான பொதுத் தோட்டம் என்று அவர் வரைந்த இடம் அது. இப்போது எல்லோருக்கும் திறந்திருக்கிறது.