விடுதியையும் வகுப்பறையாக்கியவர்

கல்லூரி என்றதும் பாடத்திட்டம், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. வகுப்பு முடிந்த பிறகு மாணவர் எங்கே தங்குகிறார், யாருடன் உண்கிறார், மனம் சோர்ந்தால் யாரிடம் செல்கிறார் என்பவை பிள்ளையைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோரின் கவலைகளாக மட்டுமே நின்றுவிடுகின்றன. தாம்பரத்தைச் சுற்றியும் தெற்கே வண்டலூர், பொத்தேரி வரையும் கல்லூரிகளும் விடுதிகளும் பெருகிவிட்ட இந்நாளில், வில்லியம் மில்லரின் வாழ்க்கையை நினைவுகூர்வது அவசியம் எனக் கருதுகிறேன்.

மில்லர் 1838-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள தர்சோ என்ற ஊரில் பிறந்தவர். 1862-இல், தமது 24-ஆவது வயதில், மறைப்பணியாளராகச் சென்னைக்கு வந்தார். ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளி அப்போது நலிந்த நிலையில் இருந்தது. அதைப் படிப்படியாகக் கல்லூரியாக உயர்த்திய மில்லர், வெவ்வேறு திருச்சபை அமைப்புகள் தனித்தனியே கல்லூரி நடத்திச் சிதறுவதைவிட ஒன்றுகூடி ஒரு நல்ல கல்லூரியை நடத்துவதே மேல் என வாதிட்டார். அதன் பயனாக 1877-இல் அந்நிறுவனம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. 1907 வரை அதன் முதல்வராக அவர் விளங்கினார்.

அன்று அக்கல்லூரி பாரிமுனையை அடுத்த எஸ்பிளனேடு சாலையில் இருந்தது. தஞ்சாவூர், திருநெல்வேலி எனத் தொலைவிலிருந்து வந்த இளைஞர்கள் நகரத்தில் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டு படித்தனர். அவர்களது தங்குமிடம் கல்லூரியின் பொறுப்பன்று என அவர் ஒதுங்கிவிடவில்லை. விடுதிகளை ஏற்படுத்தினார், கல்லூரிப் பணிகளுக்குத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். 1883-இல் கல்லூரியின் இதழ் தொடங்கியது. 1891-இல் முன்னாள் மாணவர் சங்கம் உருவாயிற்று. இவையெல்லாம் இன்று எல்லாக் கல்லூரிகளிலும் காணப்படும் வழக்கமான ஏற்பாடுகளாகத் தோன்றலாம். அன்றோ அவை புதிய சிந்தனை. பாடம் சொல்வது கல்வியின் ஒரு பகுதியே. சேர்ந்து வாழப் பழகுவது மறுபகுதி என்பதே அவரது நம்பிக்கை.

அவரது வாழ்வு பாராட்டு மட்டுமே நிறைந்ததன்று. மதமாற்றம் தொடர்பான சர்ச்சையொன்றில் 1888-இல் இந்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். மறுபுறம், கல்லூரியால் மதம் மாறுவோர் மிகச் சிலரே என்று மறைப்பணி வட்டாரங்களிலேயே அவரைக் குறைகூறினர். இருதரப்பின் ஐயத்துக்கும் ஆளான அவர், மாணவர்களின் எண்ணிக்கையை அன்றி அவர்களது சிந்தனை முதிர்ச்சியையே கல்வியின் பயனாகக் கொண்டார். மறைப்பணியாளர் ஒருவர் நடத்திய கல்லூரியில் சமய நம்பிக்கைக்கும் மாணவர் உரிமைக்கும் இடையிலான எல்லை எது என்னும் கேள்வி அன்று எழுந்தது நியாயமே. அக்கேள்வியை எதிர்கொண்டும் பெருவாரியான இந்து மாணவர்களின் நன்மதிப்பை அவர் தக்கவைத்துக்கொண்டார் என்பதே அவரது சாதனை. 1901-இல், அவர் உயிரோடிருந்தபோதே, அவருக்குச் சென்னையில் சிலை எழுப்பப்பட்டது இதற்குச் சான்று.

கல்லூரிக்கு வெளியிலும் அவரது பணி நீண்டது. 1882-இன் ஹண்டர் கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்தார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பையும் வகித்தார். 1907-இல் தாயகம் திரும்பிய அவர் 1923-இல் காலமானார்.

தாம்பரத்தை அவர் காணவில்லை. அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 1937-இல், கல்லூரி சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் அங்கே சேலையூர் ஹால், புனித தோமா ஹால், பிஷப் ஹீபர் ஹால் என விடுதிகள் வெறும் உறைவிடங்களாக அன்றி, தனித்தனிச் சமூகங்களாக அமைக்கப்பட்டதில் அவரது எண்ணத்தின் தொடர்ச்சியைக் காண்கிறேன். மாணவர்கள் தமக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது, உணவுக்கூட நிர்வாகத்தில் பங்கேற்பது போன்ற மரபுகள் ஜனநாயகத்தின் தொடக்கப் பாடங்கள்.

இன்றைய நிலை என்ன? பகடிவதையைத் தடை செய்து தமிழகம் 1997-இலேயே சட்டம் இயற்றியது. மாணவர் பேரவைத் தேர்தல்களுக்கு லிங்டோ குழு 2006-இல் நெறிமுறைகளை வகுத்தது. குறைதீர் குழுக்களும் ஆலோசனை மையங்களும் விதிகளில் உள்ளன. இவை தேவையே. ஆனால், விதி காகிதத்தில் நின்றுவிட, விடுதிக் காப்பாளர் வருகைப் பதிவேட்டையும் வாயிற்கதவையும் மட்டும் காப்பவராகச் சுருங்கிவிட்டால், மாணவர் நலப் பணி அலுவலகப் பலகையோடு முடிந்துவிடும்.

நம் கல்லூரிகள் செய்ய வேண்டியவை எளியவை. மாணவர்களைப் பெயர் சொல்லி அறிந்த ஆசிரியரே விடுதிக்குப் பொறுப்பேற்க வேண்டும். அப்பணிக்கு உரிய நேரமும் ஊதியமும் அவருக்கு அளிக்கப்பட வேண்டும். உணவு, தூய்மை, ஒழுங்கு ஆகியவற்றில் மாணவர்களுக்கு உண்மையான முடிவெடுக்கும் உரிமை வேண்டும். அவர்கள் தவறு செய்து திருந்தவும் இடமளிக்க வேண்டும். தர மதிப்பீட்டுக்காகக் கட்டடங்களை எண்ணும் நிர்வாகங்கள், அக்கட்டடங்களுக்குள் வாழும் இளைஞர்களின் தனிமையையும் கணக்கில் கொள்ளட்டும். அதுவே மில்லருக்கு நாம் செலுத்தும் பொருத்தமான நன்றியாகும்.